முத்துக் குளித்தவர் உடுத்தியது என்ன?

ஆடை வடிவமைப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தூத்துக்குடியில் என்னைத் தேடி வந்தாள். கொற்கைத் துறையின் முத்துக் குளிப்பைப் பற்றிக் கல்லூரியில் ஒரு நாடகம் போடுகிறார்கள். அதற்கு உடைகள் தயாரிப்பதுதான் அவளுடைய இறுதியாண்டுச் செயல்திட்டம். பாண்டிய மன்னன், அரசி, யவன வணிகன், கடற்கரைப் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் ஒரு படம் வரைந்து, அருகில் துணித் துண்டுகளையும் ஒட்டி வைத்திருந்தாள். முத்துக் குளிப்பவனுக்கும் ஒரு படம் இருந்தது. முழங்கால் வரை தொங்கும் சிவப்புப் பட்டு, இடுப்பில் சரிகைக் கச்சை, தோளில் பறக்கும் மேலாடை, கழுத்தில் சங்கு மாலை.

“இதை உடுத்திக்கொண்டு கடலில் இறங்க முடியுமா சார்? எங்கள் ஆசிரியை ஓர் இயற்பியல்காரரிடம் கேட்டு வரச் சொன்னார்” என்றாள்.

முடியாது என்று ஒரே சொல்லில் பதில் கூறி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். அவள் கடற்கரைக் குடும்பத்துப் பெண். ஆங்கிலேயர் காலத்து அறிக்கைகளில் வரும் குளிப்பாளர்களின் புகைப்படங்களை அவள் பார்த்திருக்கிறாள். கோவணம் மட்டும் கட்டிய ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்தில் தொப்பியும் கோட்டும் அணிந்த அதிகாரி நிற்கிறார். “அரசனுக்குப் பட்டு, இவர்களுக்கு ஒரு முழத் துணியா? அந்த மாதிரி மேடையேற்ற எனக்கு மனமில்லை சார்.”

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. அதனால்தான் இக்கட்டுரை.

மேடையும் கடலும்

அந்தச் சிவப்புப் பட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஐரோப்பிய மேடைப் படங்களிலிருந்து எடுத்ததாகச் சொன்னாள். பிசே என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளரின் ‘முத்துக் குளிப்போர்’ என்ற இசைநாடகம் 1863ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அரங்கேறியது. கதை நடப்பது இலங்கைக் கடற்கரையில். முதலில் மெக்சிகோவில் நடப்பதாகத்தான் எழுதினார்கள். பிறகு இலங்கைக்கு மாற்றினார்கள். நாட்டை மாற்றியும் கதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த நாட்டைப் பற்றிக் கதைக்கு எவ்வளவு அக்கறை இருந்திருக்கும் என்று வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். முக்காடிட்ட பூசாரிப் பெண் ஒருத்தி, குளிப்பவர்களின் நலத்துக்காகப் பாறைமீது நின்று பாடுகிறாள். இசை மிக இனியது, அதில் ஐயமில்லை. ஆனால் பாடுவதற்கு மூச்சை விட வேண்டும். மூழ்குவதற்கு மூச்சை அடக்க வேண்டும். அந்த உடைகளெல்லாம் பாடுகிறவர்களுக்காகத் தைக்கப்பட்டவை.

நம் கடற்கரையைப் பற்றிய பழைய குறிப்புகள் என்ன கூறுகின்றன? கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘செங்கடல் செலவு’ என்னும் கிரேக்க நூல், கொற்கையில் முத்துக் குளிப்பு நடந்ததையும், தண்டனை பெற்ற கைதிகளே அதில் ஈடுபடுத்தப்பட்டதையும் குறிப்பிடுகிறது. கடலில் எடுத்த முத்துகள் விற்பனையாகும் உள்நாட்டு நகரம் ஒன்றையும் அது கூறுகிறது. அந்த நகரத்தை உறையூர் என்று கொள்வர். அங்கிருந்து மெல்லிய பருத்தித் துணி ஏற்றுமதியானதாகவும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. ஆக, முத்தும் மெல்லிய துணியும் ஒரே சந்தையில் ஏறிக் கப்பல் வழியே மேற்கே போயின. அவை போய்ச் சேர்ந்த இடத்தில் நடந்ததைப் பிளினி எழுதியிருக்கிறார்: லொல்லியா பவுலினா என்ற ரோமானியச் சீமாட்டி ஒரு சாதாரண விருந்துக்கு அணிந்து வந்த முத்து, மரகத நகைகளின் மதிப்பு நான்கு கோடி செஸ்டர்ஸ்! மூழ்கி எடுத்த கைதி என்ன உடுத்தியிருந்தான் என்று யாரும் எழுதவில்லை.

உடையைப் பற்றி ஏதேனும் எழுதியவர் என்றால், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோதான். மாபார் நாட்டில், அதாவது நம் பாண்டிய நாட்டில், தையற்காரனே இல்லை என்று அவர் வியக்கிறார். ஏழையும் செல்வனும் அரசனும் கூட இடையில் ஒரு துணியோடு சரி என்கிறார். ஊசியும் நூலும் அறியாத நாடன்று இது. வெளிநாட்டார் மிகைப்படுத்தி எழுதுவது வழக்கம். ஆயினும் அவர் தரும் மற்றொரு செய்தி இங்கே நமக்கு வேண்டும். துணி குறைவான அந்த அரசன், 104 பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கோத்த பட்டு நூலைக் கழுத்தில் அணிந்திருந்தானாம். இதைச் சொன்னதும் மாணவியின் முகம் சற்றுத் தெளிந்தது. அரசனும் குளிப்பவனும் ஏறத்தாழ ஒரே அளவு துணிதான் உடுத்தியிருந்தார்கள். குளிப்பவனின் வெற்றுடம்பு ‘குறை’யாகத் தெரியத் தொடங்கியது, கோட்டு அணிந்தவர்கள் வந்து பக்கத்தில் நின்றபிறகுதான்.

1530களில் போர்த்துகீசியர் செல்வாக்கு இக்கரையில் வேரூன்றியது. பரதவர் கத்தோலிக்கர் ஆயினர். தைத்த உடையோடு அதற்குரிய சொற்களும் கப்பலேறி வந்தன. நாம் சட்டையில் மாட்டும் ‘பொத்தான்’ போர்த்துகீசியச் சொல்தான். இலங்கைத் தமிழர் காலணியைச் ‘சப்பாத்து’ என்பதும், கைக்குட்டையை ‘லேஞ்சி’ என்பதும் அப்படி வந்தவையே. கரையில் சட்டை வந்தது. கோயிலுக்கும் திருமணத்துக்கும் சட்டை வந்தது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். 1825இல் அது முடிவாக ஆங்கிலேயரிடம் வந்தது. இத்தனை கொடிகள் மாறியும் கடலுக்குள் இறங்குபவனின் உடை மட்டும் மாறவில்லை. ஏன் மாறவில்லை? வறுமை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதற்காரணம் அதுவன்று.

எட்டுப் பாகம் ஆழத்தில்

இங்கே நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிட வேண்டும். குளிப்பாளர் மூக்கில் ஒரு கவ்வி மாட்டிக்கொள்வார்கள் என்று மாணவியிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன். பாரசீக வளைகுடாவின் முத்துக் குளிப்பைப் பற்றி எழுதிய இபின் பதூதா, ஆமையோட்டால் செய்த முகமூடியையும் மூக்குக் கவ்வியையும் குறிப்பிடுகிறார். அதை அப்படியே நம் கடலுக்கும் பொருத்திவிட்டேன். அவளும் பித்தளையில் அழகான கவ்வி ஒன்றை வரைந்துவிட்டாள். பிறகு இருவரும், எண்பது வயதைக் கடந்த ஒரு முதியவரைப் பார்க்கப் போனோம். பெரும்பாலும் சங்கு குளித்தவர். விடலைப் பருவத்தில் முத்துச் சலாபத்திலும் இறங்கியவர். (முத்துக் குளிப்பைச் சலாபம் என்பது இக்கரை வழக்கு. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததே தூத்துக்குடியின் கடைசிச் சலாபம்.) படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“கவ்வி எதுக்கு தாயி? ஆண்டவன் ரெண்டு விரல் குடுத்திருக்கானே!” என்று பெருவிரலையும் சுட்டுவிரலையும் மூக்கில் வைத்துக் காட்டினார்.

1803இல் வெளிவந்த இராபர்ட் பெர்சிவலின் இலங்கை நூலிலும் இதே காட்சியைக் காணலாம். குளிப்பவன் வலக்கால் விரல்களால் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொள்கிறான். இடக்கால் விரல்களில் வலைப்பை. ஒரு கையில் மற்றொரு கயிறு. மறு கையால் மூக்கை மூடிக்கொள்கிறான். இரண்டு கை, இரண்டு கால், நான்குக்கும் வேலை. உடையைச் சரிசெய்ய ஐந்தாவது கை இல்லை!

இனி இதற்குள் இருக்கும் இயற்பியலைப் பார்ப்போம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள முத்துப் பார்கள் சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன. பார் என்பது கடலடிப் பாறைத்தளம். அதில்தான் சிப்பிகள் ஒட்டி வளரும். நம் மீனவர் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். எட்டுப் பாகம் என்றால் ஏறத்தாழ 15 மீட்டர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே எட்டுப் பாகத்தில் மொத்த அழுத்தம் இரண்டரை வளிமண்டலம். பாயில் விதிப்படி, நுரையீரலில் 5 லிட்டராக இருந்த காற்று அங்கே 2 லிட்டராகச் சுருங்கிவிடும்.

இதனால் முதலில் தாக்கப்படுவது செவிப்பறை. மேலே அடைபட்ட காற்று நடுச்செவியில் இருக்க, வெளியே அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், ஓரிரு மீட்டரிலேயே வலி தொடங்கும். எட்டுப் பாகம் வரை அப்படியே போனால் பறை கிழிந்துவிடும். நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் செல்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே காற்றை ஊதி அழுத்தினால் அந்தக் குழல் திறந்து, இருபுறமும் அழுத்தம் சமமாகும். விமானத்தில் காது அடைத்தால் நாம் செய்வதும் இதுவே. ஆகவே மூக்கின்மேல் இருந்த இரண்டு விரல்களும் தண்ணீரைத் தடுக்க மட்டும் அல்ல. செவியைக் காக்கும் கருவியும் அவையே. அரபியரின் கவ்வி ஒரு கையை விடுவித்தது. நம்மவர் அந்தக் கையை மூக்கிலேயே வைத்துக்கொண்டனர். எது மேல் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது மிதப்பு. 55 கிலோ எடையுள்ள ஒருவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டால், கடல்நீர் அவரை இரண்டு மூன்று கிலோ விசையுடன் மேலே தள்ளும். கீழே நீந்திப் போக இந்த விசையோடு மல்லாட வேண்டும். மல்லாடினால் ஆக்சிஜன் செலவாகும். அதற்குத்தான் கல். பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள கல் ஆளை இழுத்துக்கொண்டு இறங்கும். அவர் விரலைக்கூட அசைக்க வேண்டியதில்லை. தரையில் கால் பட்டதும் கல்லை விட்டுவிடுவார். தோணியில் இருப்பவர் அதை உடனே மேலே இழுத்துக்கொள்வார். கீழே கல் தேவையில்லை. நுரையீரல் 3 லிட்டர் சுருங்கியதால் மூன்று கிலோ மிதப்பு போய்விட்டது அல்லவா? அவர் மிதக்காமல், அமிழாமல் பாரின்மேல் நிற்கலாம்.

அப்படியானால் முழங்கால் வரை பட்டு உடுத்தினால் என்ன? கணக்கிட்டுப் பார்த்தோம். கல்லின் எடையில் ஒரு பகுதியை நீர் தாங்கிக்கொள்கிறது. எஞ்சிய விசை, நீரின் எதிர்ப்பு விசைக்குச் சமமாகும்போது ஆள் சீரான வேகத்தில் இறங்குவார். மாணவர்கள் முற்றுத் திசைவேகம் என்று படிப்பது இதைத்தான். 15 கிலோ கல்லுக்கு இது விநாடிக்கு ஒன்றேகால் மீட்டர் அளவில் வருகிறது. எட்டுப் பாகம் இறங்கப் பத்துப் பன்னிரண்டு விநாடி. கயிற்றைப் பிடித்து ஏறிவர ஏறத்தாழப் பதினைந்து. ஒரு முழுக்கு ஒரு நிமிடம் என்று கொண்டால், சிப்பி பொறுக்கக் கிடைப்பது முப்பது முப்பத்தைந்து விநாடிதான். தொங்கும் துணி நீரில் குடைபோல் விரியும். எதிர்ப்பு இரு மடங்கானால், வேகம் ஏறக்குறைய முக்கால் பங்காகக் குறையும். இறங்கவும் ஏறவும் சேர்த்து எட்டு முதல் பத்து விநாடி போய்விடும். அதாவது, பொறுக்கும் நேரத்தில் கால் பங்குக்கு மேல் அந்தப் பட்டுக்கே செலவு! ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்கம் மூன்றில் இரண்டு பங்கு எடுத்துக்கொண்டு, மீதி ஒரு பங்கையே குளித்தவர்களுக்கு விட்டது. அதிலும் கால் பங்கைத் துணிக்குக் கொடுக்க யார் சம்மதிப்பார்?

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே எடையுள்ள இரண்டு கற்களில் ஒன்றில் மட்டும் ஒரு சாண் துணியைக் கட்டி, ஆழமான தொட்டியில் இரண்டையும் ஒன்றாக விடுங்கள்.

சிவப்புக்கும் இடமில்லை. நீர் சிவப்பு ஒளியை விரைவில் உறிஞ்சிவிடுகிறது. முதல் ஐந்து பத்து மீட்டருக்குள் சிவப்பு மங்கி, எட்டுப் பாகத்தில் கருமையாகத் தோன்றும். பச்சையும் நீலமுமே எஞ்சும். கைவிளக்கின்மேல் நீலக் கண்ணாடித்தாளைச் சுற்றிச் சிவப்புத் துணியின்மேல் ஒளியைப் பாய்ச்சினால் இது விளங்கும். மாணவி அங்கேயே செய்து பார்த்துவிட்டு, “மேடையில் கடலடிக் காட்சிக்கு நீல விளக்குதான் போடப் போகிறார்கள். என் பட்டு கரித்துணி மாதிரித் தெரியும்” என்று தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கண்ணின் நிலையும் இரங்கத்தக்கது. நமது விழிக்கு மொத்தம் 60 டயாப்டர் திறன் என்றால், அதில் சுமார் 43, காற்றுக்கும் கருவிழிப் படலத்துக்கும் இடையே நிகழும் ஒளிவிலகலால் கிடைப்பது. நீரின் விலகல் எண் 1.33, படலத்தினுடையது 1.376. வேறுபாடு மிகச் சிறிது என்பதால் நீருக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விடும். எல்லாம் கலங்கலாகத் தெரியும். அப்படியிருந்தும் நம்மவர் வெறுங்கண்ணால் சிப்பியை அடையாளம் கண்டார்கள். தாய்லாந்துக் கடலோரத்து மோக்கன் இனச் சிறுவர்கள் நீருக்குள் கண்பாவையை மிகச் சுருக்கி, ஐரோப்பியச் சிறுவர்களைவிட இரு மடங்கு தெளிவாகப் பார்க்கிறார்கள் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பிற்காலத்தில் வந்த கண்ணாடி முகமூடி செய்வதெல்லாம், விழிக்கு முன்னே கொஞ்சம் காற்றைத் திருப்பி வைப்பதுதான். ஆனால் அதன் வழியே பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். “கண்ணாடி போட்டுப் பார்த்தா சங்கு இம்மாம் பெரிசு, மேலே கொண்டாந்தா சின்னது” என்று முதியவர் குறைப்பட்டது வேடிக்கைக்காக அல்ல, அது ஒளியியல்.

செப்புத் தலை, ஈயக் கால்

உலகின் மறுகோடியில் வேறு விதமான உடை உருவாகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் குவளையைத் தலைகீழாக நீரில் அமுக்கினால் உள்ளே காற்று தங்குகிறது. இதை ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிதாக்கினால் மூழ்கு மணி. வால்வெள்ளியால் பெயர்பெற்ற எட்மண்ட் ஹாலி 1691இல் அத்தகைய மணி ஒன்றைச் செய்து, அதற்குப் பீப்பாய்களில் காற்று அனுப்பும் வழியும் கண்டார். மணியைத் தோளில் சுமக்கும் அளவுக்குச் சிறிதாக்கியதே தலைக்கவசம். 1823இல் சார்லஸ் மாக்கின்டாஷ், இரு துணிகளுக்கு நடுவே இரப்பரை வைத்து நீர் புகாத துணியை உருவாக்கினார். மழைக்கோட்டுக்காக வந்த அந்தத் துணிவகை மூழ்குபவருக்கும் பயன்பட்டது. இலண்டனில் குடியேறிய ஜெர்மானியர் அகஸ்டஸ் சீபே 1837 அளவில் தலைக்கவசத்தையும் முழு உடையையும் ஒன்றாகப் பிணைத்தார். மேலே பம்பு, நடுவே குழாய், கீழே ஆள்.

இந்த உடையின் எடை ஏறத்தாழ 80 கிலோ! செப்பும் பித்தளையுமான தலைக்கவசம், நெஞ்சிலும் முதுகிலும் ஈயக் கட்டிகள், அடியில் ஈயம் வைத்த காலணிகள். காரணம் எளிது. உடைக்குள் அடையும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஒரு கிலோ மிதப்பைத் தருகிறது. அதை ஈயத்தால் ஈடுகட்ட வேண்டும். தூத்துக்குடிக்காரர் ஒரு கல்லைக் கடன் வாங்கி, கீழே போனதும் திருப்பிக் கொடுத்தார். சீபேயின் ஆள் அதைக் கடைசிவரை சுமந்தார். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது நேரம்; ஒரு நிமிடத்துக்குப் பதில் மணிக்கணக்கில்.

அந்த நேரமே எமனாகவும் ஆயிற்று. அழுத்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நெடுநேரம் கீழே இருந்தால் நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது; விரைந்து மேலே வந்தால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழ்களாக வெளிப்படுகிறது. 1880களில் ஆஸ்திரேலியாவின் முத்துச்சிப்பிக் கடல்களில் இந்த உடை பரவியது. அங்குள்ள புரூம் என்ற ஊரில் ஜப்பானியருக்கென்றே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் துயில்கிறார்கள். புயலில் மாண்டவர்களும் உண்டு, இந்தக் குமிழ் நோயில் மாண்டவர்களும் உண்டு. படிப்படியாக நின்று மேலேறும் கால அட்டவணையை ஹால்டேன் வெளியிட்டது 1908இல்தான். ஒரே மூச்சில் போய்வரும் நம் குளிப்பாளருக்கு எட்டுப் பாகத்தில் இந்த நோய் அநேகமாக இல்லை. (பசிபிக் கடலின் துவாமோத்து தீவினர் மூச்சடக்கி முப்பது நாற்பது மீட்டர் ஆழத்துக்குத் திரும்பத் திரும்ப மூழ்கியபோது அவர்களுக்கும் இது போன்ற நோய் வந்தது, அது வேறு கதை.)

மன்னார் வளைகுடாவின் சலாபங்கள் கல்லையும் கயிற்றையுமே கடைசிவரை நம்பின. சலாபம் நடப்பது மாசி, பங்குனியில் சில வாரங்கள். பிறகு பல ஆண்டுகள் சிப்பியே இராது. அதற்காக யார் பம்பும் கவசமும் வாங்கி வைப்பார்? கடலும் வெதுவெதுப்பானது. இந்தக் கடைசிக் காரணம் சிறிதன்று. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக உடல் வெப்பத்தைக் கடத்திவிடும். நம் கடல் கோடைக்கு முன்பே 28 டிகிரியைத் தொடுவதால் வெற்றுடம்போடு நாள் முழுதும் வேலை செய்ய முடிந்தது. கொரியாவின் ‘ஹேன்யோ’ பெண்கள் பருத்தி உடையில் குளிர்கால நீரில் மூழ்கி, அரைமணிக்குள் கரையேறி நெருப்பில் காய்ந்தார்கள். 1970களில் நுரை இரப்பர் உடை வந்தபின் தொடர்ந்து பல மணி நேரம் வேலை செய்தார்கள். அந்த உடையை 1950களின் தொடக்கத்தில் வகுத்தவர் ஹ்யூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர். உடல் நனையக் கூடாது என்பதில்லை, வெப்பம் போகக் கூடாது என்பதே முக்கியம் என்று கண்டதுதான் அவருடைய திறமை. ஆடை வடிவமைப்பில் இயற்பியல்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இனிமேல் இவர் பெயரைச் சொல்வேன்.

ஜப்பானின் ‘ஆமா’ மங்கையர் கதையும் நம் மாணவிக்குப் பயன்பட்டது. முன்பு பல இடங்களில் இடுப்புத் துணியோடு மூழ்கியவர்கள், இன்று டோபாவிலுள்ள மிகிமோட்டோ தீவில் பார்வையாளர் முன்னே வெள்ளைப் பருத்தி உடையில் மூழ்கிக் காட்டுகிறார்கள். அது கடல் கேட்ட உடையன்று; கரையில் நின்று பார்ப்பவர் கண் கேட்ட உடை. 1893இல் அரை முத்தை வளர்த்துக் காட்டிய மிகிமோட்டோவின் பெயரை அத்தீவு தாங்கியிருக்கிறது. நம் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் 1973இல் உருண்டை முத்தையே வளர்த்தெடுத்தார்கள். அந்த முயற்சிக்கு முன்னின்றவர் அழகர்சாமி.

ஆமாக்களில் ஆழத்தில் மூழ்கும் ஒரு பிரிவினர் எடையைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். மேலே படகில் கயிற்றை இழுப்பவர் பெரும்பாலும் கணவர். இதைக் கேட்டதும் முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இங்க மச்சான்தான் கயிறு பிடிப்பான். பெஞ்சாதியோட கூடப் பொறந்தவன். தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா, அசந்து தூங்கமாட்டான்” என்றார்.

இக்கரையில் எல்லாரும் சொல்லும் செய்திதான் இது. அன்று அதை ஒரு பொறியாளர் காதால் கேட்டேன். கீழே உள்ளவர் கயிற்றைச் சுண்டுகிறார். மேலே உள்ளவர் இழுக்கிறார். சீபேயின் உடையில் பம்பைச் சுற்றும் ஆள் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இந்த மைத்துனர். சுறாவைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டிகளும் சலாபத்தில் இருந்தார்கள். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அத்தகையோருக்குப் போனதாக மார்க்கோ போலோ எழுதுகிறார். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிப்பவரின் நடுக்கம் கட்டுப்பட்டிருக்கும். நடுக்கம் குறைந்தால் மூச்சும் நீளும். ஆனால் உயிர் தொங்கியது கயிற்றில்.

உடை என்றால் உடம்பைச் சுற்றிய துணி என்று மாணவியும் நானும் எண்ணியிருந்தோம். கல், கயிறு, வலைப்பை, மூக்கில் இரு விரல், மேலே ஒரு மைத்துனர். இவ்வளவும் சேர்ந்ததே அவர் உடுத்தியது. அதிகாரியின் புகைப்படத்தில் அவர்கள் வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம், படம் கரையில் எடுக்கப்பட்டது என்பதே.

திரும்பும் வழியில், இராமநாதபுரம் கடலோரத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி அவளிடம் சொன்னேன். சேலை நீரில் விரியாமல் இருக்கக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள்; சிலர் வேட்டியைச் சுற்றிக்கொள்கிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கீறாமல் இருக்க விரல்களில் துணிச்சுற்று அல்லது கையுறை, காலில் இரப்பர் செருப்பு. எந்தக் கல்லூரியிலும் படிக்காமல், தேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை கண்டு, தங்கள் உடையைத் தாங்களே வடிவமைத்துக்கொண்டவர்கள். “அவர்களைத்தான் சார் நான் முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்” என்றாள்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய படங்களோடு வந்தாள். குளிப்பவனுக்கு இறுகக் கட்டிய பழுப்புக் கோவணம். கால் விரல்களுக்கு இடையே கயிறு எப்படிச் செல்கிறது என்பதைத் தனியாகப் பெரிதாக்கி வரைந்திருந்தாள். முதலில் இல்லாத ஓர் ஆள் இப்போது தோணி விளிம்பில் நின்றான். அந்தச் சிவப்புப் பட்டு அவன் தலையில் முண்டாசாக ஏறியிருந்தது. நாள் முழுதும் வெயிலில் நிற்பவன் அவன்தானே! முதியவர் படத்தை வாங்கி, எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“கயிறு எத்தனை பாகம் வாங்கியிருக்கே தாயி?”

“மேடை உயரமே மூன்று பாகம்தான் தாத்தா. நாலு பாகம் போதாதா?”

“பத்து வாங்கு. மீதிய அவன் காலடியில வளையமாச் சுருட்டிப் போடு. சுருட்டாத கயித்த வச்சுக்கிட்டு எந்த மச்சானும் நிக்கமாட்டான்.”